கடல் பார்க்காத சரிதாவும் லூர்துவின் உள்ளங்கையும்

ஓசூர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரம். அந்த உயரத்தில், ஸ்பிரிங் பட்டறை ஒன்றின் மாடியில் உட்கார்ந்து, ஆழ்கடல் மீனவர்களின் நோய்நொடியைப் போனில் விசாரிப்பதுதான் நர்ஸ் சரிதாவின் வேலை. அஞ்செட்டிக்காரி. அவள் பார்த்த பெரிய தண்ணீர் ஒகேனக்கல்.

வாடகை குறைவு என்று மருத்துவ நிறுவனம் அங்கே இடம் பிடித்திருந்தது. படகிலிருந்து சாட்டிலைட் போன் வரும். சரிதா விசாரித்து டாக்டர் ஜெகதீஷிடம் கொடுக்க வேண்டும். கீழே பிரஸ் மெஷின் இடிக்கிற இடியில், "அங்கயும் புயலா எக்கா?" என்று படகுக்காரர்கள் பரிதாபப்படுவார்கள்.

இதற்கு முன் அவள் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருந்தாள். விரல் நசுங்கினாலும் தலை சுற்றினாலும் அங்கே முதல் வார்த்தை ஒன்றுதான். அது நாக்கிலேயே தங்கிவிட்டது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், குமரி மாவட்டப் படகொன்றின் டிரைவர் சிலுவை கூப்பிட்டார். சமையல்காரர் லூர்துவின் உள்ளங்கையில் சூரை மீன் தூண்டில் ஆழமாக ஏறிவிட்டது. கடல் வேறு கொந்தளிப்பு. கரைக்குத் திரும்ப நாலு நாள் ஆகும், அதற்குள் கை சீழ் பிடித்துவிட்டால்?

"மொதல்ல மெஷின ஆஃப் பண்ணுங்க," என்றாள் சரிதா.

நர்ஸ் பேச்சை சிலுவை தட்டமாட்டார். என்ஜின் நின்றது.

"அவர வெளிய மர நெழல்ல உக்கார வைங்க."

"எக்கா, இஞ்ச மரத்துக்கு எங்க போவ?"

"செரி, நல்லா காத்து வர்ற எடமா பாருங்க."

"காத்துதான் எக்கா பிரச்சினையே!"

என்ஜின் நின்ற படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி, தொட்டிலாட்டம் ஆடத் தொடங்கியது. ஏதோ உருண்டோடும் ஓசை. நாலைந்து பேர் அதைத் துரத்தும் ஓசை. கையில் தூண்டிலோடு லூர்து அலறினார்: "எனக்க சோத்துப் பானை!"

ஜெகதீஷ் ஓடி வந்தார். "என்னம்மா சத்தம்?"

"மெஷின நிறுத்தச் சொன்னேங்க சார்."

"அம்மா தாயே, அது லேத்தா? படகு! போடச் சொல்லு!"

என்ஜின் உறுமியது, படகின் மூக்கு அலைக்கு நேராக நிமிர்ந்தது. ஜெகதீஷ் போனை வாங்கினார். கையை நன்றாகக் கழுவுங்கள், ஐஸ் வைத்து மரத்துப்போகச் செய்யுங்கள், கொக்கியை முன்பக்கமாகத் தள்ளி முள்முனை வெளியே வந்ததும் வெட்டுங்கள், மிச்சத்தை வந்த வழியே இழுங்கள்.

"ஐஸ் இருக்கா?"

"டன் கணக்குல கெடக்கு சார்."

"சரிதா, அவர்கிட்ட ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு."

"அண்ணே," என்றாள் சரிதா, "மீன் கொழம்பு எப்பிடி வெப்பீங்க? நாங்க களி திங்கற ஆளுங்க, எனக்கு வராது."

லூர்துவுக்கு அது போதும். தேங்காய் அரைப்பில் ஆரம்பித்தார், மிளகாய்க்கு வந்தார், புளியைக் கரைக்கும்போது, "யம்மா!" என்றார். தூண்டில் வெளியே வந்துவிட்டது.

படகு முழுக்க ஆரவாரம். சரிதா மட்டும் விடவில்லை.

"அண்ணே, புளி எவ்ளோன்னு சொல்லவே இல்லயே?"

"கரைக்கு வா மக்களே, வச்சே தாறேன்."

சீழ் பிடிக்காமலிருக்க மாத்திரை படகின் மருந்துப் பெட்டியிலேயே இருந்தது. ஊசி கரையில் போட்டார்கள், கை ஆறிவிட்டது. ஒருமுறையாவது கடலைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று நிறுவனம் சரிதாவை வெள்ளிக்கிழமை நாகர்கோவில் பஸ்ஸில் அனுப்புகிறது. வாந்தி மாத்திரை வாங்கிவிட்டாள்.