கைதட்டினால் நின்றுவிடும் பாட்டு

பாட்டு முடிந்ததும் முதலில் ஒலிப்பெருக்கியின் ஸ்விட்சை அணைப்பார்; அதன்பிறகுதான் மூச்சு விடுவார். எதிரே தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் கைகளை உயர்த்தி விரல்களை மட்டும் ஆட்டுவார்கள். அந்தச் சத்தமில்லாத பாராட்டைத் தலையசைத்து வாங்கிக்கொண்டு, அடுத்த பாட்டுக்குக் கிடாரின் கம்பியை முறுக்கத் தொடங்குவார் பல்லக்கா.

பகலில் அவருக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகைச் சூடாக்கி, யாரோ ஒருவரின் ஈறு அளவுக்குச் செதுக்கி, பல் பல்லாகப் பதிப்பார். பெயர் வந்தது அப்படித்தான். "ஊர்ல பாதிப் பேரு சிரிக்கிறது என் கைவேலைதான்" என்பார், தான் சிரிக்காமல். பாட்டுகளும் அவரே எழுதுவது. காலி பஸ், ஒழுகும் வாடகை வீடு, பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் என்று எல்லாமே துக்கம். கேட்டுவிட்டு வந்தால் இரண்டு நாளைக்கு மனசு கனக்கும். ஆனாலும் அடுத்த வாரம் கால் அங்கேயே போகும்.

அங்கே என்றால் ஒரு கட்டிடத்தின் நிலவறை. அட்டைப்பெட்டி அடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லி வாடகைக்கு எடுத்தது. பொய் நிற்க வேண்டுமே, சுவரோரம் நிஜமாகவே பெட்டிகள் இருக்கின்றன, எல்லாம் காலி. கட்டிடக்காரர் குடியிருப்பது மாடியில். பாட்டுச் சத்தம் அவர் காதில் விழுந்தால் அன்றோடு கடை மூடல். எந்த மேடையும் கூப்பிடாத பாட்டுக்காரர்களுக்கு இந்த நகரத்தில் மிச்சமிருப்பது அந்தக் குழி ஒன்றுதான். அதனால் முனகலுக்குச் சற்று மேலே எதுவும் போகாது. படிக்கட்டின் தலைப்பில் பல்லக்காவின் கணவர் காவல் நிற்பார். மாடியில் செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டு முறை கைதட்டுவார். அந்த நொடியே கீழே எல்லாம் அணைந்துவிடும். மற்றபடி அங்கே யாரும் கைதட்டக் கூடாது.

இப்படியே பல வருஷம் ஓடியது. போன மழைக்காலத்தில் ஒரு பெரிய அரங்கத்திலிருந்து பல்லக்காவுக்கு அழைப்பு வந்தது. பாட்டு எடுபட்டால் இசைத்தட்டு போடுவதாகவும் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். இரண்டாவது பாட்டில் கூட்டம் சொக்கிப்போய், தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தது. பல்லக்காவின் கை ஸ்விட்சுக்குப் போய்விட்டது. பாதி வரியில் பாட்டு நின்றது. கிடாரைத் துணியால் மூடிவிட்டு, மாடிப்படி எந்தப் பக்கம் என்று தெரியாதவர்போல் விழித்தார். என் பக்கத்தில் இருந்தவர், "என்னா திமிரு பாருங்க" என்றார். இசைத்தட்டுக்காரர்கள் அப்புறம் பேசவே இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"நான் விசில் அடிச்சிருக்கலாம்ங்க. என்னத்துக்குக் கையத் தட்டித் தொலைச்சேனோ" என்று கணவர் என்னிடம் புலம்பினார். இப்போதெல்லாம் படிக்கட்டு விளக்கை அணைத்துத்தான் ஜாடை காட்டுகிறார். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்கிறார் பல்லக்கா. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

போன வாரம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் வேறொரு மேடையில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "சின்ன எடம்தான். இதையும் கெடுத்துக்கிட்டா அப்புறம் எவன் கூப்பிடப் போறான்? நான் பாடுறேன், நீங்க கையத் தட்டுங்க. இவரு தட்டினா எனக்கு உசுரே போயிடுது" என்றார். கணவர் பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டார்.

தட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வரியைத் தாண்டினார். அடுத்த வரியில் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வலது கை மட்டும் கம்பியிலிருந்து நழுவிப் போய், பக்கத்தில் வைத்திருந்த ஒலிப்பெருக்கியின் ஸ்விட்சை அணைத்தது. நான் தட்டுவதை நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்க" என்றார், கண்ணைத் திறக்காமல். கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு, முதல் வரியிலிருந்து பாடத் தொடங்கினார்.