ஆடியில் எண்ணிய கேட்

திண்டுக்கல்லில் ஓர் அரசுத் திட்ட அலுவலகத்தில் ஜீவிதாவுக்கு வரைபட வேலை. சாலை, ஓடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடுக்கடுக்காக ஏற்றி, எந்த ரோட்டில் எத்தனை வண்டி போகிறது என்ற கணக்கையும் கொடுத்தால், எங்கே பாலம் கட்டினால் நிறையப் பேருக்கு உதவும் என்று அது வரிசைப்படுத்திச் சொல்லும். முதல் ஐந்து இடங்களுக்குத்தான் அனுமதி. அவள் ஊர் ரயில்வே கேட்டோ எப்போதும் கடைசியில் கிடந்தது. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்த கேட்டில் நின்று நின்றே கால் கடுத்துப் போனவளுக்கு இது பொறுக்குமா?

துருவிப் பார்த்ததில் சங்கதி பிடிபட்டது. வண்டிகளை எண்ணியது ஆடி மாதத்தில். கேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கல்யாண மண்டபங்கள்; ஆடியில் எவன் தாலி கட்டுகிறான்? ரோடு ஈயாடிக் கிடந்திருக்கிறது. தேதி குறித்த புண்ணியவானை என்னவென்று சொல்வது!

“முகூர்த்த நாள்ல ஒருக்கா எண்ணிப் பாத்துருவோம் சார்” என்று பொறியாளர் சோலைமலையிடம் போய் நின்றாள்.

அவர் காலண்டரைப் புரட்டினார். “நாம அறிக்கை அனுப்புறதுக்குள்ள ஒரே ஒரு முகூர்த்தந்தாம்மா இருக்கு. அன்னைக்கி உனக்குல்ல கல்யாணம்?”

“அதுனால என்ன சார், கேமராவ மாட்டிருவோம்.”

மாட்டினார்கள். ஆவணி மாத வெயில் ஏறத் தொடங்கிய நேரம், மண்டபத்துக்குக் கிளம்பிய பெண்வீட்டு வண்டிகள் கேட்டில் வந்து மாட்டிக்கொண்டன. ஒரு ரயில் போனது. கேட் திறக்கவில்லை, இன்னொன்று வருகிறதாம். முன்னும் பின்னும் வேன்கள், பூ டெம்போ, ஆட்டோக்கள். அம்மா சண்முகவள்ளி ஜன்னல் வழியே கேட்டையும் கையில் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏண்டி, முகூர்த்தம் தப்பிரும்போல இருக்கு, நீ பல்லக் காட்டிக்கிட்டு இருக்க?”

“இன்னும் செத்த நேரம் மூடியே கெடக்கட்டும்மா. பின்னால இன்னும் வண்டி வருது.”

சண்முகவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை முகேஷ்குமார் போனில் வந்தான்.

“எங்க இருக்க?”

“கேட்டுல.”

“கேமரா ஓடுதா?”

இவனைக் கட்டிக்கொள்ள எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று ஜீவிதாவுக்குத் தோன்றியது. நல்லவேளை, அவ்வளவு காக்க வைக்காமல் கேட் திறந்தது. நல்ல நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தாலி ஏறியது.

மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள், புதுக் கணக்கை ஏற்றினாள். கடைசியில் கிடந்த கேட் நாலாவது இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. தாளை எடுத்துக்கொண்டு சோலைமலையிடம் ஓடினாள்.

அவர் பேனாவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார். “ஏம்மா, உன் கல்யாண வண்டியும் இதுல சேந்துருக்குமே? நாளைக்கி எவனாவது கேட்டா?”

“எங்க வண்டி அம்புட்டையும் கழிச்சிட்டுத்தான் சார் கணக்குப் போட்டேன். மேளக்காரங்க வேன மட்டும் விட்டு வச்சேன். அவுக அடுத்த மண்டபத்துலயும் வாசிக்கப் போனாகள்ல?”

சோலைமலை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.