கையெழுத்துக்குக் கீழே இரண்டு வார்த்தை

இங்கிலீஷில் எனக்கு முழுசாகப் பொருள் தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம்தான், பிள்ளைகளே. அதில் ஒன்று 'அண்டர் புரொட்டஸ்ட்'.

உங்கள் அம்மாவின் அப்பா அப்போது கல்பாக்கத்தில் ஒரு ஆபீசில் கிளார்க். மெமோ வந்தாலும் சரி, இடமாற்றம் வந்தாலும் சரி, மறுக்காமல் வாங்கிக்கொள்வார். ஆனால் கையெழுத்துக்குக் கீழே அந்த இரண்டு வார்த்தையை எழுதிவிடுவார். பத்தாவதோடு நின்ற எனக்கு உங்கள் அம்மாதான் விளக்கினாள்: "வாங்கிக்கறேன், ஆனா ஒத்துக்கல. அதான் அர்த்தம்."

எங்கள் கல்யாணத்தையும் தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. நான் சதுரங்கப்பட்டினத்து வயரிங் வேலைக்காரன்; சாதியும் வேறு. அம்மாவோ, "அப்பா வந்து சாட்சி போடலன்னா நானும் கையெழுத்து போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவர் வாய் திறக்கவில்லை.

அது ஒரு தை மாதக் காலை. செங்கல்பட்டில் பதிவு அலுவலகம் இன்னும் திறக்கவில்லை என்று ஏரிக்கரையில் போய் நின்றோம். பனியில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. ஒரு ரயில் போனது; அது தண்ணீர்மேல் மிதந்து போனதாகத்தான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம். அம்மா அடிக்கடி பஸ் வரும் திசையையே பார்த்தாள்.

அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்டபோது தாத்தா வாசலில் நின்றிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்து சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். கைப்பழக்கம், கீழே அந்த இரண்டு வார்த்தையும் விழுந்தது.

பதிவாளர் கண்ணாடியை இறக்கினார். "என்ன சார், ஆபீஸ் மெமோன்னு நெனச்சிட்டீங்களா? இப்படி எழுதினா நான் ஏத்துக்க முடியாது. வேற சாட்சி இருக்காங்களா?"

கூட வந்திருந்த என் கூட்டாளி முன்னால் பாய்ந்தான். "நான் போடறேன் சார். எனக்கு இங்கிலீஷே வராது, வேற ஒண்ணும் எழுதமாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தாத்தா அவன் தோளைப் பிடித்து நகர்த்தினார். "தள்ளுப்பா. எம் பொண்ணுக்கு நான் இருக்கும்போது நீ எதுக்கு?"

வேறு படிவம் கேட்டு வாங்கி, வெறும் கையெழுத்து மட்டும் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எதிர்ப்பு போயிடுச்சுன்னு நினைக்காத. அதை வாயால சொல்லிக்கறேன்" என்றார்.

"சொல்லிக்கோங்க மாமா" என்றேன். அப்படி அவரைக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

அவர் பேனாவை மூடாமல் அம்மாவிடம் நீட்டினார்.