மழை பிழைத்தது என்றார் சிவபாலன் அண்ணை

சிவபாலன் அண்ணை காலமாகிவிட்டார் என்ற செய்தி, டென்மார்க்கின் விபோர்க் நகரில் வேலை முடிந்து காரில் ஏறும்போது வந்தது. காருக்குள்ளேயே இருந்து அழுதேன். அந்த அழுகை உண்மை. இதை எழுதும்போது இருக்கும் கோபமும் உண்மை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். இங்கே ஹேர்னிங் நகரில் துணி ஆலையில் வேலை செய்தாலும் வாய் திறந்தால் பயிர்க் கதைதான். நகர ஓரத்தில் வாடகைத் தோட்டம் எடுத்து, டென்மார்க்கின் குட்டிக் கோடையிலும் சோளம் விளைவித்தார். தோட்டத்துக்குப் போன யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்.

வவுனியாவுக்கு அப்பால் என் தங்கை ராணி தனியாகத் தோட்டம் செய்கிறாள். கணவர் இல்லை. அந்த ஒன்றரை ஏக்கர்தான் அவளுக்குச் சோறு. கைபோன போக்கில் சோளம் விதைத்தவளைக் கலப்பின விதைக்கு மாற்றியவர் அண்ணைதான். ஞாயிறுகளில் தன் தோட்டத்தில் நின்றபடி, வீடியோவில் அவளுக்கும் அயலவர்களுக்கும் பாடம் நடத்துவார். கயிறு பிடித்து வரிசை போடச் சொல்வார்.

"ஒரு குழிக்கு ஒரு விதை, பிள்ளை. அள்ளிப் போட்டா ஒண்டையொண்டு தின்னும்."

முதல் விளைச்சல் அமோகம். ராணி விளைந்த சோளப்பொத்தியைத் தூக்கிக் காட்டியபோது அண்ணை தோட்டத்திலேயே ஒரு ஆட்டம் போட்டார்.

ஊர் வழக்கப்படி அவள் நல்ல பொத்திகளாகத் தெரிந்தெடுத்து, அடுத்த போகத்து விதைக்கென்று அடுப்புக்கு மேலே புகையில் கட்டினாள். அவளைப் பார்த்து அயலவர்களும் கட்டினார்கள். மறுபோகம் பயிர் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. பாதிப் பயிரில் மணியே பிடிக்கவில்லை. நான் அண்ணையிடம் ஓடினேன்.

"மழை பிழைச்சுப்போச்சு தம்பி. வேறை ஒண்டுமில்லை."

நான் அதைச் சொன்னபோது ராணிக்குச் சரியாகப் படவில்லை. "மழை நல்லாத்தானே பெய்தது அண்ணா? நான்தான் புகையில கனநாள் விட்டிட்டனோ? என்னைப் பாத்துக் கட்டின சனமும் கெட்டுப்போச்சே" என்று அழுதாள். அந்த வருடம் பிறர் வயலில் கூலிக்குப் போனாள். அதையும் அண்ணையிடம் சொன்னேன்.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவருடைய மனைவி செல்வி அக்கா பழைய கதைகள் சொன்னார்.

"அவர் கெட்டிக்காரன் தம்பி. 'இந்த விதையை எடுத்துவைச்சு விதைக்கேலாது, வருசாவருசம் புதுசு வாங்கவேணும் எண்டு முதலே சொன்னா ஒருத்தரும் விதைக்கமாட்டினம். ஒரு விளைச்சலைக் காணட்டும், பிறகு சொல்லுவம்' எண்டவர்."

பெருமையாகத்தான் சொன்னார். நான் தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்தேன்.

அந்தப் 'பிறகு' வரவேயில்லை. தெரியாமல் நடந்திருந்தால் எனக்குக் கோபமே இல்லை. பிழையை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டிருக்கலாம். அந்த வெட்கத்துக்கு என் தங்கையா விலை? நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டீர்கள் அண்ணை.

இறுதிக்கிரியையில் பெட்டியின் மேல், அவருடைய தோட்டத்துச் சோளப்பொத்தி ஒன்றை அக்கா வைத்திருந்தார். மணி நிறைந்த பொத்தி. வருடாவருடம் அவர் புதிதாக வாங்கிய விதையில் வந்தது. அதன் பக்கத்தில் என் பூவை வைத்தேன்.

போய் வாருங்கள் அண்ணை. வரிசை போடக் கற்றுத் தந்ததை மறக்கமாட்டோம். புகையில் பிழையில்லை என்று ராணிக்கு நான் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.