டிரம் மெஷினுக்கு ஒரு ஆள் வேண்டும்

எங்கள் கடற்கரைக் கோயிலின் பாடகர் குழுவில் எனக்கு டிரம்ஸ். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்த பிறகு, ஊரில் நான் ஒழுங்காகப் போய் உட்கார்ந்த ஒரே நாற்காலி அந்த டிரம்ஸுக்குப் பின்னால் கிடந்ததுதான். 2009 வாக்கில் உப்புக்காற்று அதன் கம்பிகளைத் தின்று தீர்த்தது. ஒரு ஞாயிறு பூசையில் தாளத்தட்டு கழன்று, பீடத்துப் படி வரை உருண்டு போய்ப் படுத்தது. அதோடு டிரம்ஸை வெளியே போடச் சொல்லிவிட்டார் ஃபாதர்.

துபாயில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் புதிதாக ஏதாவது வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒன்றே ஒன்று. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் சின்தசைசர் கேட்டார். தாளமெல்லாம் அதற்குள்ளேயே இருக்குமாம். பாட்டையும் தாளத்தையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரே ஆள் நான் இல்லை என்று புரிந்துகொள்ளப் பத்தாம் வகுப்பு தேவையில்லை.

நான் டிரம் மெஷின் கேட்டேன். தாளத்துக்கென்றே உள்ள சின்னப் பெட்டி. பழைய கீபோர்டு அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

"லேய், அதும் மெஷின், இதும் மெஷின். பின்ன ஒனக்கு அங்க என்ன சோலி?" என்றார் அண்ணன்.

"தட்டுகதுக்கு ஆளு வேணும்லா அண்ணே. ஒங்களுக்கு இருக்கது ரெண்டு கை. அதுல ஒண்ணு எப்பமும் மீசையிலதான கெடக்கு."

நாகர்கோவிலில் ஒரு மைக் செட் கடையிலிருந்து இரண்டையும் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு ஞாயிறு வாசித்துக் காட்டச் சொன்னார் ஃபாதர்.

முதல் ஞாயிறு சின்தசைசர். சத்தம் சினிமா மாதிரி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பாட்டின் கடைசி வரியை இழுப்பார்கள். முன்னால் நின்று பாடும் அக்கா 'ஆண்டவரே' என்று ஆரம்பித்தால், முடிப்பதற்குள் ஒரு வள்ளத்தைக் கரையேற்றிவிடலாம். அக்கா இழுத்து முடித்தபோது தாளம் இரண்டு சுற்று முன்னால் போயிருந்தது. அண்ணனின் இரண்டு கையும் கட்டைகளில் இருந்தன. வேகத்தைக் குறைக்க மூன்றாவது கை இல்லை.

அடுத்த ஞாயிறு என்னுடையது. பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. நாம் தட்டும் வேகத்துக்குத் தாளம் இறங்கி வரும். அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தட்டினேன். தாளம் நமக்காக நிற்கிறது என்று தெரிந்ததும் அக்கா இன்னும் இழுத்தார். பின்னாலிருந்த பெண்களும் இழுத்தார்கள். காணிக்கை எடுத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் காணிக்கைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஃபாதர் பீடத்தில் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார்.

பூசை முடிந்து வந்தவர், "பாட்டுக்கே ஒரு மணிக்கூர் போச்சு. சின்தசைசரே போதும்" என்றார்.

என் நாற்காலி போயிற்று. வாடகைப் பெட்டியின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அக்காதான் பேசினார். "ஃபாதரே, அந்தச் சவத்து சின்தசைசருக்குப் பின்னால எங்களுக்கு ஓட ஏலாது. இவன் நின்னு தாறான். இவன் இல்லண்ணா திருவிழாவுக்கு ஃபாதர் ஒத்தைக்குப் பாடிக்கிடும்."

ஃபாதரின் குரல் எப்படியென்று ஃபாதருக்கே தெரியும். டிரம் மெஷின் வந்தது, ஒரு நிபந்தனையோடு: அவர் இருமினால் நான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

திருவிழாவின் பத்து நாளும் ஃபாதர் இருமினார். நான் அக்காவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.