உளுந்துப் பரப்பில் ஒரு பிரேக் சோதனை

என் தம்பி தினகர் அவ்வப்போது கோயம்புத்தூர் போய் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுகிறவன். பரிசுக்காக இல்லை, பைத்தியத்துக்காக. மார்கழியில் போனபோது இடது முன்சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கழற்றிப் பார்த்தால் டஸ்ட் பூட் கருகிப் பொடியாகிக் கிடந்தது. பிரேக்கை அழுத்தும் பிஸ்டனைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, அதுதான் டஸ்ட் பூட். தூசியும் தண்ணீரும் பிஸ்டனுக்குள் போகாமல் காப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. டிராக்கில் ஏறும் சூட்டுக்குச் சாதாரண ரப்பர் தாங்காது. அதனால் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டே ஓட்டுகிறார்கள். அதே காரில் வீட்டுக்கும் திரும்ப வேண்டுமே என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

மதுரைக்குத் தெற்கே சின்னதாக ஒரு ரப்பர் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சிலிகான் ரப்பரில் ஒரு ஜோடி பூட் வார்த்து, ஓவனில் வைத்துச் சூடும் பார்த்துவிட்டேன். தூசிதான் பாக்கி. அடுத்த சனிக்கிழமை அவன் மறுபடி டிராக்குக்குப் போகிறான். நான் செய்த பொருள் ஏமாற்றினால் வளைவில் கார் நிற்காது. உள்ளே இருப்பது என் தம்பி. எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதற்கு ஒரு வாரம் முன்னால், பொங்கல் கழிந்த சனிக்கிழமை, முன்சக்கரங்களில் என் பூட்டை மாட்டி அவன் காரை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு ஏழரைக்குக் கோவில்பட்டி. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். எடை குறைக்கிறேன் என்று பின் சீட்டைக் கழற்றி, தரையைத் தொடுகிற அளவுக்குக் காரை இறக்கி வைத்திருக்கிறான் தம்பி. ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பு அவனைத் திட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு இட்லி, ஒரு வடை, டீ எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய். கடலைமிட்டாய் வாங்காமல் இந்த ஊரைத் தாண்டியதாக யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் அரைக் கிலோ அதுவும்.

எட்டயபுரம் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அதைத் தாண்டி, எல்லைக்கல் நட்டு, பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு இடத்தில் காவலாளியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். "யாரும் வரமாட்டாவ, ஓட்டுங்க. ஆனா கல்லப் பிடுங்கிராதீங்க" என்றார். வேகமெடுத்து பிரேக், வேகமெடுத்து பிரேக் என்று சக்கரத்தில் கருகல் வாசனை வரும்வரை அழுத்தினேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் பக்கத்து வண்டிப்பாதையில் இறங்கினேன். மழை ஓய்ந்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் கரிசல் மாவாக எழும்பியது. கண்ணாடியில் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இதற்குத்தானே வந்தேன்.

தார்ச்சாலை ஏறி எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் போகும் சாலையில் திரும்பியதும் வினை காத்திருந்தது. ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று வெடித்து உளுந்து கீழே கொட்டிவிடும். அறுவடைக் காலத்தில் இங்கே இது வழக்கம்தான். எல்லாரும் போகிறார்களே என்று நானும் ஏறினேன். பாதிதூரம் போவதற்குள் முன்பக்கம் புகை.

ரோட்டோரம் நின்ற ஒரு பெண்ணும் அவர் கணவரும் ஓடி வந்தார்கள். பிறகுதான் பேர் தெரிந்தது: சண்முகத்தாய், அழகுராஜ். "இறங்குங்க தாயி, மொதல்ல நீங்க இறங்குங்க!" என்று அந்த அம்மா கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்தார். காய்ந்த கொடி இடது சக்கரத்தில் கயிறாகச் சுற்றி, கொதிக்கிற பிரேக்கில் பட்டுக் கனன்றுகொண்டிருந்தது. அழகுராஜ் கவைக்கம்பால் காரைச் சுற்றியிருந்த செடியை எல்லாம் வாரி வாரி ரோட்டோரம் எறிந்தார். சண்முகத்தாய் வெறுங்கையால் சக்கரத்திலிருந்து கொடியைப் பிடுங்கினார்.

"ஏட்டி, கையச் சுட்டுக்காத!"

"நீங்க தண்ணியக் கொண்டாங்க, அங்கன நின்னு கத்தாம!"

குடிக்க வைத்திருந்த ஒரு குடம் தண்ணீரும் சக்கரத்தில் போனது. கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று என் தொழில் புத்தி முனகியது. அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

தீ அடங்கி மூச்சு வந்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். அழகாகப் பரப்பியிருந்த உளுந்து முழுவதும் ரோட்டோரம் குப்பலாகக் கிடந்தது. கிழக்கே மேகம் கறுத்திருந்தது. சனிக்கிழமை என்பதால் ஏறி மிதிக்கக் காலேஜ் பஸ் கிடையாது. ஊரில் இருந்த டிராக்டர்கள் எல்லாம் வேறு களங்களில். நனைந்தால் அந்த வருடத்து வெள்ளாமை முளைத்துப் போகும். அப்போதும் சண்முகத்தாய் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே, "பொம்பளப்பிள்ள ஒத்தைல இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்திய?" என்றுதான் கேட்டார்.

சொன்னேன். தம்பி, டிராக், ரப்பர் வளையம், எல்லாம்.

"அப்போ தம்பி வண்டி நிக்கணும். அதானே?"

"அதேதான்க்கா."

"நிக்கணும்லா" என்று தலையாட்டினார்.

"செடியைத் திரும்பப் பரப்புங்க, நான் ஓட்டுறேன்" என்றேன். அழகுராஜ் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாயி, இப்பதான அணைச்சோம்?"

சக்கரத்தைக் கை வைத்துத் தொட முடிகிறவரை காத்திருந்தோம். பிறகு முதல் கியரில், நடக்கிற வேகத்தில், கால் பிரேக்கைத் தொடாமலே ஏறினேன். சண்முகத்தாய் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தார். ஒவ்வொரு கோடியிலும் நிறுத்தச் சொல்லி, சிக்கிய கொடியை உருவிவிட்டுத்தான் திரும்ப விட்டார். டிராக்குக்கென்று தம்பி வாங்கிப் போட்ட அகல டயர் உளுந்து மிதிக்க அவ்வளவு தோதாக இருந்தது. அவனிடம் இதைச் சொல்லவில்லை; இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மழைக்கு முன்னால் அடித்த காற்றிலேயே தூற்றினார்கள். நெற்றுத் தோலும் சருகுமான பொட்டு ஒரு பக்கம் பறக்க, உளுந்து கறுப்பாகக் காலடியில் சேர்ந்தது. மூட்டை கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. பின் சீட்டு இல்லாத கார் என்றேன் அல்லவா? மூன்று மூட்டையும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன. பொட்டுக் குவியலுக்குத் தார்ப்பாயைப் போட்டுவிட்டு அழகுராஜ் சைக்கிளில் நனைந்துகொண்டே முன்னால் போக, பின்னாலேயே சண்முகத்தாயை ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசல்வரை ஓட்டினேன். சாப்பிடாமல் விடவில்லை. சுடுசோறு, பருப்பு, அப்பளம். கிளம்பும்போது மடியில் ஒரு பை உளுந்து விழுந்தது. வேண்டாம் என்றதற்குச் சண்முகத்தாய், "உங்க வண்டி மிதிச்சதுதான, கொண்டு போங்க" என்றார்.

மறுநாள் பட்டறையில் இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றினேன். டிஸ்க்கில் விரிசல் இல்லை. இடது பூட்டின் வெளிமடிப்பில் கரி, கரிசல் மண், உளுந்தம்பொட்டு எல்லாம் அப்பியிருந்தது. பூட்டை மெல்ல விலக்கினேன். உள்ளே பிஸ்டன் பளபளவென்று இருந்தது. ஒரு தூசி இல்லை. வலதும் அப்படியே. ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தை மாசியில் ஊர்ச்சாலைகளில் தானியம் கிடக்கும். தாழ்வான காரில் ஏறாதீர்கள், நிறுத்திக் கேளுங்கள். ஓரமாக வழி விடுவார்கள். தெரியாமல் ஏறிவிட்டால் தாண்டியதும் நிறுத்திச் சக்கரத்தைப் பாருங்கள். காரில் ஐந்து லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். மழை பெய்தால் கரிசலில் இறங்கவே கூடாது. சக்கரம் உருளாது, இறங்கினால் சேறு உங்களைச் செருப்போடு பிடித்துக்கொள்ளும். பெட்ரோலை எட்டயபுரத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது. டிராக் ஓட்டுகிறவர்கள் டஸ்ட் பூட்டைக் கழற்றி எறியாதீர்கள். சூடு தாங்குகிறதாக வாங்கிப் போடுங்கள், என்னிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை.

அடுத்த சனிக்கிழமை தினகர் டிராக்கிலிருந்து பேசினான். நண்பர்கள் குழுவில் ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு வேகம் போனான்? சாயங்காலம் எப்போதும்வென்றானிலிருந்து சண்முகத்தாயின் போன் வந்தது.

"தம்பி வண்டி நின்னுச்சா தாயி?"

"நின்னுச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் நின்னுச்சு."

"அது போதும். அடுப்புல சோறு கெடக்கு, வைக்கேன்" என்று போனை வைத்துவிட்டார்.