அடகு அக்காவும் ஒரு மாமியாரும்

'அடகு அக்கா' என்ற பெயரை மாமியார் முதன்முதலில் கேட்டது காரின் பின் சீட்டில், மடியில் பழப்பையும் தொண்டையில் உயிருமாக உட்கார்ந்திருந்தபோது. மலைப்பாதை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அவள் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தன் பங்குக்கு வலது காலால் ஒரு பிரேக் போட்டாள். வண்டி ஓட்டிய மாப்பிள்ளை பக்கத்திலிருந்த மகளிடம், மேலே போனதும் அடகு அக்காவிடம் எதையாவது வைத்தாக வேண்டும், வைக்காமல் மலை ஏற முடியாது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடகு வைக்கிற அளவுக்கு மாப்பிள்ளைக்கு என்ன முடை வந்துவிட்டது? பெற்ற மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? முந்தானையை இழுத்து வளையல்களை மூடிக்கொண்டாள்.

மகள் வீட்டுக்கு அவள் வந்து ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்திருந்தது. வந்துபோக வந்தவளா, இருந்துவிட வந்தவளா என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியைப் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தாள். மாப்பிள்ளை ஊருக்கெல்லாம் வேடிக்கை பேசுகிறவர். அவளிடம் மட்டும் "சாப்பிட்டீங்களா அத்தை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். போதாததற்கு ஞாபகமறதி வேறு. தினமும் காலையில் அவள் அறை வாசலில் குனிந்து செருப்பைத் தேடுவார். இரண்டு செருப்பும் காலில்தான் இருக்கும்.

மேலே வந்து சேர்ந்த ஊர் என்று பார்த்தால் ஒரே தெரு. ஒரு சாரியில் கம்பளிக் கடைகள், எதிர்ச் சாரியில் வாங்கிய கம்பளியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறவர்கள். தெரு முடிகிற இடத்தில் மலை ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவில், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி, தகவல் மையம்.

உள்ளே நுழைந்ததும் பின்னங்காலில் நிற்கும் பஞ்சடைத்த கரடி. ஒரு காதைக் காணோம். கூடத்து நடுவில் பெரிய மேஜை; அதன் மேல் அந்த மலையையே சின்னதாகச் செய்து, காட்டுக்குப் பச்சையும் ஆற்றுக்கு நீலமும் பூசி வைத்திருந்தார்கள். அதற்கப்பால் கவுண்டர். கவுண்டருக்குப் பின்னால், உயரமான முக்காலியில், அடகு அக்கா.

ஸ்வெட்டர் பொத்தானை அவள் எப்போதும் ஒரு துளை தள்ளித்தான் போடுவாள். அதனால் ஒரு தோள் மலை ஏறுவது போலவும் மறு தோள் இறங்குவது போலவும் இருக்கும். வாயில் ஓயாமல் ஒரு புதினா மிட்டாய். வருகிறவர் முகத்தைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. கவுண்டர் மேல் எக்கி முதலில் காலைப் பார்ப்பாள். மகளின் காலைப் பார்த்ததும், "இந்தச் செருப்பு பாதி வழிவரைக்கும் உன்னைத் தூக்கும். அப்புறம் நீ அதைத் தூக்கணும்" என்றாள்.

முன்னெல்லாம் மலை ஏறினவர்கள் இறங்கியதும் இங்கே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடாம். யார் சொன்னார்கள்? கால்வலியோடு நேரே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துவிடுவார்கள். இங்கே பாதி ஊர் கயிறும் விளக்குமாக மலையில் அவர்கள் பெயரைக் கூவிக்கொண்டு திரியும். ஒரு தடவை தேடப் போனவர்களே வழி தவறி, அவர்களைத் தேட மீதி ஊரும் போனது. அதற்குப் பிறகுதான் அக்கா இந்த வழியைக் கண்டுபிடித்தாள். எது இல்லாமல் வீடு திரும்ப முடியாதோ, அதை வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கொடுப்பதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பாள். "இது இல்லாம வீட்டுக்குப் போவியா?" என்பாள். ஆள் கொஞ்சம் யோசித்தாலும் "பத்தாது" என்று தள்ளிவிடுவாள். அன்று கரடியின் நகங்களில் சாவிக்கொத்துகள் தொங்கின. அலமாரியில் ஒற்றைக் கம்மல், ஒற்றை ஷூ, ஒரு தம்ளர் தண்ணீரில் யாரோ ஒருவரின் மேல்வரிசைப் பல் செட்டு. அடிக்கடி வருகிற ஒருவர் தன் வீட்டு டிவி ரிமோட்டையே கொண்டுவந்து வைத்திருந்தார். அது இல்லாமல் போனால் வீட்டில் கதவைத் திறக்கமாட்டார்களாம்.

இறங்கி வந்து கேட்டாலும் சும்மா கொடுத்துவிடமாட்டாள். "அடையாளம் சொல்லு" என்பாள். ஒருமுறை சாவி மாறிப் போய், ஒருவர் இன்னொருவர் வீட்டைத் திறந்து வெந்நீரில் குளித்துவிட்டு, துண்டு நிறம் வேறாக இருக்கிறதே என்று அப்புறம்தான் யோசித்தாராம். அன்றிலிருந்து பொருள் கண்ணெதிரே தொங்கினாலும், வைத்தவரை அவளுக்கு நன்றாகத் தெரிந்தாலும், அடையாளம் சொல்லாமல் நகத்திலிருந்து இறங்காது.

மாமியாருக்கு அவளைப் பார்த்ததும் தன் மூத்த ஓரகத்தியின் தங்கை ஞாபகம் வந்தது. சல்லடை இரவல் கேட்டால்கூட, உங்கள் வீட்டுக் குக்கர் மூடியை வைத்துவிட்டுப் போங்கள் என்பாள் அவள். வளையலுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் முந்தானையைத் தளர்த்திக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள்.

மாப்பிள்ளை பேனாவை நீட்டினார். பத்தாது. கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மணி பார்க்கப் போன் இருக்கிறது, பத்தாது. பின்னால் வரிசை முனகியது. மாப்பிள்ளைக்கு வேடிக்கை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ என் மாமியாரை வெச்சுக்கங்க."

கூடமே சிரித்தது. மகள் அவர் கையைக் கிள்ளினாள். மாமியாரும் சிரிக்க வேண்டியதாயிற்று. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கவுண்டர் மேல் எக்கி, மாமியாரைக் காலிலிருந்து தலை வரைக்கும், ரிமோட்டைப் பார்த்தது போலவே பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைக் கேட்டாள்:

"இவங்க இல்லாம வீட்டுக்குப் போவியா, தம்பி?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார். அக்கா வாயில் மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு உருண்டு போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம்தான் "போகமாட்டேங்க" என்றார்.

மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. மாமியாருக்கு அந்த மிட்டாய் உருண்ட நேரம் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

அவளுக்கு எப்படியும் முட்டி வலி, ஏற முடியாது. அக்கா கரடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, எல்லாப் பொருளுக்கும் கட்டுகிற மாதிரி ஓர் அட்டையை நூலில் கோத்து அவள் சால்வையிலும் கட்டினாள். பெரியம்மாவுக்குக் குளிரெடுத்தால் காரில் போய் உட்காரட்டும் என்று மாப்பிள்ளையிடம் சாவியை வாங்கிக் கரடி நகத்தில் மாட்டினாள். இருவரும் மலை ஏறிப் போனார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்க மாமியாருக்குத் தெரியாது. அக்கா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மலையைத் துடைத்துவிட்டு வருவதாகக் கிளம்பியபோது, இப்படியா துடைப்பது, கொடு இங்கே என்று பிடுங்கிக்கொண்டாள். பாத்திரம் தேய்த்துப் பழகின கை. மலை பளபளவென்று ஆனது. ஆற்றைத்தான் காணோம். நீலம் முழுக்கத் துணியில் இருந்தது. அக்கா துணியைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் யாரோ வந்து ஆறு எங்கே என்று கேட்டபோது, முகம் மாறாமல், "இந்த வருஷம் வத்திப்போச்சு" என்றாள்.

அதன்பிறகு மாமியார் கவுண்டருக்கே வந்துவிட்டாள். வந்தவர்களிடம் யார் வீட்டுப் பிள்ளை, கூட வந்திருப்பது சொந்தத் தங்கையா, சித்தப்பா மகளா என்று விசாரித்துவிட்டுத்தான் அக்காவிடம் அனுப்பினாள். ஒருவன் பெல்ட்டைக் கழற்றி நீட்டியபோது அக்கா வாங்கப் போனாள், மாமியார் தடுத்தாள். கால்சட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இவன் மலை ஏறுவது எப்படி, வேறு எதையாவது கேள் என்றாள். அக்கா முதல்முறையாக அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரமாகக் கேட்க நினைத்ததை மாமியார் கேட்டாள்.

"ஏம்மா, யாரும் மறந்துட்டே போனதில்லையா?"

அக்கா மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு கறுப்புக் குடை சுவரில் சாய்ந்திருந்தது.

"அது ஒண்ணுதான். புதுக் குடை வாங்கிட்டாங்க போல."

அன்று மீதிப் பொழுதெல்லாம் மாமியாரின் கண் போய்ப் போய் அந்தக் குடையிலேயே நின்றது.

வெயில் தணிந்ததும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். பல் செட்டுக்காரர் வந்து அடையாளம் சொன்னார். பல் இல்லாமல் அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அதுவே அடையாளம் என்று அக்கா தம்ளரை எடுத்து நீட்டினாள். ரிமோட் போனது. ஒற்றைக் கம்மல் போனது. கரடி நகங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் மிஞ்சியது ஒரு கார் சாவி, ஒரு குடை, ஒரு மாமியார்.

ஜன்னல் வழியே இரண்டு பெண்களும் பார்த்தார்கள். மகள் தூரத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தாள். அவளுக்காக வண்டியைக் கிட்டக் கொண்டுவரலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மாப்பிள்ளை முன்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். தகவல் மையத்து வாசலைத் தாண்டினார். திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே காருக்குப் போனார். கார்ப் பக்கத்தில் நின்று சட்டைப் பையைத் தட்டினார், கால்சட்டைப் பையைத் தட்டினார், பின்பக்கம் தட்டினார். கடைசியில் நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார்.

"சாவிக்கு வராரு" என்றாள் மாமியார். குரல் இறங்கிப்போயிருந்தது.

மாமியார் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அக்கா கரடி நகத்திலிருந்து சாவியைக் கழற்றி மாமியாரின் கைப்பைக்குள் போட்டாள். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, ஆறில்லாத மலையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை மூச்சு வாங்க நேரே கரடியிடம் போனார். நகம் காலி. சாவியைக் கேட்டார்.

"சாவி அடகு இல்லையே" என்றாள் அக்கா திரும்பாமல். "அடகு என்ன வெச்சே?"

அப்போதுதான் அவர் பார்வை கீழே இறங்கியது. கரடியின் காலடியில், சால்வையில் அட்டை தொங்க, மாமியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என் மாமியாரை."

"அடையாளம் சொல்லு."

"அதோ உக்கார்ந்திருக்காங்களே அக்கா."

"ரிமோட்டும்தான் அங்க உக்கார்ந்திருந்துது. அடையாளம் சொல்லு."

குள்ளமாக இருப்பார்கள், தலை நரைத்திருக்கும் என்றார் மாப்பிள்ளை. அது எல்லா மாமியாருக்கும் இருக்கும், பத்தாது என்றாள் அக்கா. மாப்பிள்ளை கரடியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கார்ல வளைவு வந்தா அவங்களும் பின்னாலேர்ந்து பிரேக் போடுவாங்க. தும்மினா மூணு தும்மல். மூணாவது வர்ற வரைக்கும் வீட்ல யாரும் பேசமாட்டோம். சாப்பாட்டுல கருகினதெல்லாம் அவங்க தட்டுக்குப் போயிடும், நான் பாக்கலைன்னு நினைச்சுக்குவாங்க."

"பத்தாது."

"பெட்டியை இன்னும் பிரிக்கல. கட்டிலுக்கடியில வெச்சிருக்காங்க. என்னைக்குக் கிளம்பிடுவாங்களோன்னு, தினம் காலையில நான் வாசல்ல குனிஞ்சு பெட்டி இருக்கான்னு பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன்."

மாமியார் தும்மினாள். ஒன்று. இரண்டு. யாரும் பேசவில்லை. மூன்று.

"எடுத்துக்கோ" என்றாள் அக்கா.

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்து சாவியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தாள். பிள்ளை செருப்பில்லாமல் நிற்கிறாள், போய் வண்டியை எடுங்கள் என்றாள். அவர் போன பிறகு கதவுவரை வந்தவள் அங்கேயே நின்றாள்.

"ஏம்மா, அந்தக் குடையை நான் கொண்டுபோறேன்."

"அடையாளம் சொல்லுங்க" என்றாள் அக்கா.

மாமியார் மூலைப் பக்கம் திரும்பாமலே சொன்னாள். இரண்டு கம்பி வளைந்திருக்கும். பொத்தானுக்குப் பதில் ரப்பர் வளையம். கைப்பிடியில் யாரோ கடித்த தடம். மடிப்பு ஓரத்தில் சிலந்தி ஒன்று குடியிருக்கிறது, அதுவும் கூட வரட்டும்.

அக்கா முக்காலியிலிருந்து இறங்கிப் போய்க் குடையை எடுத்தாள். கரடியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டித் தூசியை உதிர்த்தாள். மாமியாரின் சால்வையிலிருந்த அட்டையை அவிழ்த்துக் குடையில் கட்டிக் கொடுத்தாள்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் பின் சீட்டிலிருந்து குடை நுனியால் பிரேக் விழுந்தது.

அந்தக் குடை இப்போது மகள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பெட்டி பரணுக்கு ஏறிவிட்டது. அடகு அக்கா அங்கேயேதான் இருக்கிறாள், தெரு முடிந்து மலை தொடங்கும் இடத்தில், கரடிக்குப் பக்கத்து முக்காலியில்.